ஹார்மோன் சாதனமா, காப்பர்-டியா, ஆபரேஷனா: குமரி மாவட்டப் பெண்களுக்கான ஓர் ஒப்பீடு

குமரி மாவட்டத்தில் இரண்டாவது பிரசவம் முடிந்த பெண்ணிடம் கருத்தடையைப் பற்றிக் கேட்கப்படுவது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: ஆபரேஷனை இப்போதே செய்துவிடலாமா, பிறகு வருகிறீர்களா? தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட மணமான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள் என்றும், ஆண்களின் அறுவை நூற்றுக்கு ஒன்றைக்கூட எட்டவில்லை என்றும் 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு காட்டுகிறது. எனவே வேறு எந்த முறையும் எடுத்துப் பேசப்படுவதற்கு முன்பே முடிவு ஆகிவிடுகிறது. அப்படிப் பேசப்படாமல் போகிறவற்றுள் முக்கியமானது, கருப்பைக்குள் வைக்கப்படும் ஹார்மோன் சாதனம். மிரேனா என்ற பெயரில் அதைக் கேள்விப்பட்டிருப்பவர்கள்கூட, காப்பர்-டியின் விலை கூடிய வடிவம் என்ற அளவிலேயே அறிந்திருக்கிறார்கள். இரண்டும் வேலை செய்யும் விதத்தில் ஏறத்தாழ எதிரெதிரானவை என்பதிலிருந்துதான் இந்த ஒப்பீடு தொடங்க வேண்டும்.

நான் மருத்துவம் படித்தவள் இல்லை. தக்கலைப் பக்கத்தில் ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். இரண்டு பிள்ளைகளுக்குப் பிறகு இந்தச் சாதனத்தைச் சில ஆண்டுகளாக வைத்திருக்கிறேன். என் மைனி காப்பர்-டி வைத்திருந்தவர்; உடன் பணிபுரிபவர்களிலும் உறவிலும் ஹார்மோன் சாதனத்தை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருப்பவர்களும் உண்டு, சில மாதங்களில் எடுத்துவிட்டவர்களும் உண்டு. அவர்களோடு பேசியதிலும் படித்துத் தெரிந்துகொண்டதிலும் எனக்கு உறுதிப்பட்டது ஒன்றுண்டு. ஹார்மோன் உடம்புக்கு நல்லதா கெட்டதா என்ற கேள்வியில் நின்றுகொண்டு இந்தத் தேர்வைச் செய்ய முடியாது. தன் மாதவிலக்கில் எந்த மாற்றத்தோடு ஒரு பெண்ணால் வாழ முடியும், அந்த மாற்றம் முன்கூட்டியே அவளுக்குச் சொல்லப்பட்டதா என்பவற்றைப் பொறுத்தே ஒருத்திக்கு வரமாக அமைவது இன்னொருத்திக்குத் தொல்லையாக முடிகிறது.

கருத்தரிப்பைத் தடுக்கும் திறனைப் பொறுத்தவரை அதிகம் பேச வேண்டியதில்லை. ஹார்மோன் சாதனம், காப்பர்-டி, பெண்களுக்கான அறுவை ஆகிய மூன்றிலும் முதல் ஓராண்டில் கருவுறுபவர் நூற்றில் ஒருவருக்கும் குறைவே. தினமும் விழுங்கும் மாத்திரையை நடைமுறையில் உபயோகிப்பவர்களில் ஓராண்டில் நூற்றுக்கு ஏழு பேர் வரையிலும், ஆணுறையை மட்டும் நம்பியிருப்பவர்களில் பதின்மூன்று பேர் வரையிலும் கருவுறுகிறார்கள் என்பது வழக்கமாகத் தரப்படும் கணக்கு. மாத்திரை நல்ல மாத்திரைதான், மறதிதான் காரணம். ஒருமுறை வைத்துவிட்டால் நினைவில் வைக்கத் தேவையில்லாதவை என்பதே இந்த இரு சாதனங்களின் முதல் பலம்.

இரண்டும் ஆங்கில ‘டி’ எழுத்தின் வடிவில், ஏறத்தாழ மூன்று சென்டிமீட்டர் நீளத்தில் இருக்கும். காப்பர்-டியின் தண்டில் சுற்றப்பட்டிருக்கும் தாமிரம் விந்தணுக்களைச் செயலிழக்கச் செய்கிறது. அதில் ஹார்மோன் எதுவும் இல்லை. மற்றதன் தண்டில் 52 மில்லிகிராம் லெவோநார்ஜெஸ்ட்ரல் என்னும் ஹார்மோன் அடைக்கப்பட்டிருக்கிறது. தொடக்கத்தில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 20 மைக்ரோகிராம் வீதம் அது கசிந்து, ஆண்டுகள் செல்லச் செல்லக் குறைகிறது. கருப்பைவாயின் சளியைக் கெட்டிப்படுத்தி விந்தணுவை உள்ளே விடாமல் தடுப்பதும், கருப்பையின் உட்சவ்வை மெல்லியதாக்குவதும் அதன் வேலை. பெரும்பாலான பெண்களுக்குக் கருமுட்டை வெளிவருவது நின்றுபோவதில்லை.

ஹார்மோன் என்றதும் நம்மவர்களுக்கு வரும் அச்சத்தை இந்த அளவுகளோடு வைத்துப் பார்க்க வேண்டும். அரசு வழங்கும் மாலா-என் மாத்திரை ஒன்றில் இதே லெவோநார்ஜெஸ்ட்ரல் 150 மைக்ரோகிராம் இருக்கிறது. கூடவே ஈஸ்ட்ரஜன் என்னும் இன்னொரு ஹார்மோனும் சேர்க்கப்பட்டிருக்கிறது. மருந்துக்கடையில் கேட்டு வாங்கப்படும் அவசரக் கருத்தடை மாத்திரை ஒன்றில் இருப்பது 1,500 மைக்ரோகிராம். அதாவது, சாதனம் இரண்டரை மாதங்களில் கசியவிடும் அளவு அந்த ஒரே மாத்திரையில் உடம்புக்குள் போகிறது. அளவு சிறியது என்பதால் விளைவே இல்லை என்று நான் சொல்லவில்லை. அதைப் பின்னால் எழுதுகிறேன். ஆனால், ‘ஹார்மோன் வேண்டவே வேண்டாம்’ என்று சாதனத்தை மறுத்துவிட்டு, அவசர மாத்திரையை அடிக்கடி விழுங்கிக்கொண்டிருக்கும் பெண்களை எனக்குத் தெரியும். அவர்களுக்கு யாராவது இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டியிருக்க வேண்டும்.

இனி மாதவிலக்குக்கு வருகிறேன். காப்பர்-டி மாதவிலக்கின் இரத்தப்போக்கைக் கூட்டும். முதல் சில மாதங்களில் வலியும் நாட்களும் கூடுவது வழக்கம். பலருக்குப் பிறகு சற்றுக் குறைந்தாலும், முன்பிருந்த நிலைக்கு எல்லோருக்கும் திரும்புவதில்லை. இயல்பாகவே குறைவாகப் போகும் பெண்ணுக்கு அது பெரிதாகத் தெரியாது. ஏற்கெனவே கூடுதலாகப் போகிறவளுக்கோ, இரத்தசோகை உள்ளவளுக்கோ அது தாங்கக்கூடிய மாற்றம் அன்று. நம் மாநிலத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிப்பேருக்கு மேல் இரத்தசோகை இருப்பதாக அதே தேசியக் கணக்கெடுப்பு சொல்லும்போது, காப்பர்-டி வைப்பதற்கு முன் ஹீமோகுளோபின் அளவையும், மாதவிலக்கு எத்தனை நாள், எவ்வளவு போகிறது என்பதையும் கேட்காமல் இருப்பது சரியன்று. என் மைனியின் கதை இதுதான். பிரசவத்தோடு காப்பர்-டி வைத்து அனுப்பிவிட்டார்கள். பிள்ளை பால்குடி மறக்கும் காலத்தில் மாதவிலக்கு திரும்பியபோது, மூன்றாம் நாளில்கூட இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை துணி மாற்ற வேண்டியிருந்தது. விடியுமுன்னே ரப்பர் தோட்டத்துக்குப் பால் வெட்டப் போகிறவர் அவர். தோட்டத்தில் தண்ணீரும் இல்லை, மறைவிடமும் இல்லை. வெட்டிய மரங்களின் சிரட்டைகளிலிருந்து பாலை எடுத்து முடித்து வீடு திரும்பும்வரை அவருக்கு அந்த நாட்கள் எப்படியிருந்திருக்கும் என்பதை, காப்பர்-டியின் பக்கவிளைவு ‘சிறிதளவு கூடுதல் இரத்தப்போக்கு’ என்று எழுதியிருக்கும் கைப்பிரதி சொல்லாது.

ஹார்மோன் சாதனம் இதற்கு நேர்மாறானது. ஆனால் உடனே அப்படி இல்லை. முதல் மூன்று முதல் ஆறு மாதங்கள் வரை ஒழுங்கில்லாமல் துளித்துளியாகப் படும். சிலருக்கு ஒரு வாரம் விட்டு ஒரு வாரம், சிலருக்குத் தொடர்ந்து பல நாட்கள். அளவு மிகக் குறைவுதான். ஆனால் எப்போது படும் என்று தெரியாது. அதன்பின் படிப்படியாகக் குறைந்து, ஓராண்டு முடியும்போது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பெண்ணுக்கு மாதவிலக்கே நின்றிருக்கும். மற்றவர்களில் பெரும்பாலோருக்கு ஓரிரு நாட்கள் இலேசாகப் படுவதோடு முடிந்துவிடும். அதிக இரத்தப்போக்கு உள்ளவர்களுக்குப் போகும் அளவு பத்தில் ஒரு பங்காகக் குறைவதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மாதவிலக்கு வலியும் பெரும்பாலோருக்குக் குறைகிறது.

என்னிடம் பேசிய பெண்களில் இந்தச் சாதனத்தை எடுத்துவிட்டவர்கள் அனைவரும் அந்த முதல் ஆறு மாதங்களுக்குள் எடுத்தவர்கள். அவர்களுடைய காரணங்களைப் பொறுமையின்மை என்று ஒதுக்குவது நியாயமாகாது. ஒருவர் மண்டைக்காட்டு அம்மனின் மாசிக் கொடை விழாவுக்கு ஆண்டுதோறும் விரதமிருந்து போகிறவர். துளித்துளியாகப் பட்டுக்கொண்டிருந்ததால் அந்த ஆண்டு கொடி ஏறியதிலிருந்து நிறைவு நாளின் ஒடுக்குப் பூசைவரை கோயில் வாசலைக்கூட மிதிக்க முடியாத வருத்தம் அவருக்கு. வீட்டில் விளக்கேற்றவும் முடியவில்லை; சாதனத்தை எடுத்துவிட்டார். திருவிதாங்கோட்டைச் சேர்ந்த தோழி ஒருவருக்கோ, நோன்பு மாதத்தில் எந்த நாளை விலக்கு நாளாகக் கணக்கிடுவது, எந்த நாளில் தொழலாம் என்ற குழப்பம். அறிந்தவர்களிடம் கேட்டுத் தெளிவு பெற்றுத் தொடர்ந்தார்; இன்று அவருக்கு மாதத்தில் ஒரு நாள் பட்டால் அதிகம். இருவருக்கும் உடம்பில் நடந்தது ஒன்றே. ஆனால் ஒருவருக்குச் சாதனம் வைத்த காலம் பொருந்தவில்லை. மற்றவருக்கு விளக்கம் கிடைத்தது. கொடை, நோன்பு, மாலை போட்டு விரதமிருக்கும் காலம், வீட்டில் திருமணம் என்று எது முக்கியமோ அதற்கு ஆறு மாதமாவது முன்னதாகச் சாதனத்தை வைத்துக்கொள்ளுமாறு நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான்.

மாதவிலக்கு நின்றுபோவது இன்னொரு வகையான தடையை எழுப்புகிறது. ‘மாசாமாசம் போகாம இருந்தா அது உள்ள எங்க போயிக் கெட்டிக் கெடக்கும்?’ என்று என் மாமியார் கேட்டார். அவர் தலைமுறையில் மட்டுமல்ல, படித்த இளம்பெண்களிடமும் இந்தக் கேள்வி இருக்கிறது. மாதந்தோறும் கெட்ட இரத்தம் வெளியேற வேண்டும், இல்லையென்றால் வயிறு ஊதும், கண் மங்கும், கட்டி வரும் என்று நம்புகிறார்கள். உண்மையில் மாதவிலக்கில் வெளியேறுவது, அந்த மாதம் வளர்ந்த கருப்பை உட்சவ்வும் அதிலுள்ள இரத்தமும்தான். சாதனம் அந்தச் சவ்வை வளரவிடுவதில்லை. விதைக்காத வயலில் அறுப்பு இல்லாததுபோல, வளராத சவ்வு உதிர்வதும் இல்லை. உள்ளே எதுவும் தேங்குவதில்லை. கருமுட்டைப்பைகள் தம் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கின்றன. இது மாதவிடாய் முடிந்துவிட்ட நிலையும் அன்று. இவ்வளவு சொன்ன பிறகும், ஒரு பெண்ணுக்கு மாதந்தோறும் விலக்காவதுதான் மனநிறைவைத் தருகிறது என்றால், அதை யாரும் வாதாடி மாற்ற வேண்டியதில்லை. ஒவ்வொரு மாதமும் கர்ப்பமில்லை என்று உறுதிப்படுத்தும் சான்றாக அதை எண்ணுபவர்கள் உண்டு. அத்தகையவருக்கு, இரத்த அளவு நன்றாக இருக்குமானால், காப்பர்-டியே ஏற்றது. அவருக்கு ஹார்மோன் சாதனத்தைப் பரிந்துரைப்பது மாதம் ஒருமுறை கர்ப்பப் பரிசோதனை அட்டை வாங்க வைப்பதில்தான் முடியும்.

வைக்கும்போது வலிக்குமா என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி. இரண்டுக்கும் முறை ஏறத்தாழ ஒன்றே. மல்லாந்து படுக்கவைத்து, கருவியால் பிறப்புறுப்பை விரித்து, கருப்பைவாயைப் பிடித்துக்கொண்டு, மெல்லிய கம்பியால் கருப்பையின் ஆழத்தை அளந்து, குழாய் வழியாகச் சாதனத்தை உள்ளே செலுத்துகிறார்கள். பிறகு நூலை இரண்டு மூன்று சென்டிமீட்டர் விட்டு வெட்டுகிறார்கள். கருப்பைவாயைப் பிடிக்கும்போது ஒரு சுருக்கும், கம்பி உள்ளே போகும்போது அடிவயிற்றைப் பிசைவதுபோன்ற வலியும் எனக்கு இருந்தன. சில நிமிடங்களில் முடிந்தது. அன்று மாலைவரை இடுப்பு வலித்தது. பிரசவ வலி கண்டவளுக்கு இதெல்லாம் ஒரு வலியா என்று சொல்லி வாயை அடைப்பது நம் ஊரில் வழக்கம். அறுவைப் பிரசவத்தில் மட்டுமே பிள்ளை பெற்றவர்களுக்கும், பிள்ளை பெறாதவர்களுக்கும் வலி கூடுதலாக இருக்கலாம். சிலருக்குத் தலைசுற்றலும் மயக்கமும் வரும். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், வலியைப் பற்றி முன்கூட்டியே பேசவும், கருப்பைவாயை மரத்துப்போகச் செய்யும் மருந்து முதலியவற்றைக் கருதவும் மருத்துவர்களுக்குச் சொல்லியிருக்கிறது. இங்கும் அதைக் கேட்டுப் பெறலாம். கேட்பதற்குக் கூசத் தேவையில்லை.

அபாயங்களையும் மறைக்காமல் எழுத வேண்டும். இரு சாதனங்களும் சில பெண்களுக்குத் தாமாகவே வெளியேறிவிடுவதுண்டு. பெரும்பாலும் முதலாண்டில், கூடுதல் இரத்தப்போக்குள்ளவர்களுக்கும் பிரசவத்தோடு வைத்துக்கொண்டவர்களுக்கும் சற்று அதிகமாக. கருப்பைச் சுவரைத் துளைத்துவிடுவது ஆயிரத்தில் ஒன்றிரண்டு என்ற அளவில் நிகழ்கிறது. பாலூட்டும் காலத்தில் அந்த வாய்ப்பு கூடும். வைத்த முதல் மூன்று வாரங்களில் கிருமித்தொற்று வர இலேசான வாய்ப்பு இருப்பதால், காய்ச்சலும் அடிவயிற்று வலியும் நாற்றமுள்ள வெள்ளைப்படுதலும் சேர்ந்து வந்தால் தாமதிக்கக் கூடாது. சாதனம் இருக்கும்போது கருவுறுவது மிக அரிது. அப்படி நேர்ந்தால் அது கருக்குழாயில் தங்கியிருக்க வாய்ப்பு அதிகம் என்பதால் உடனே ஸ்கேன் பார்க்க வேண்டும்.

ஹார்மோன் சாதனத்துக்கே உரியவை வேறு சில. முகப்பரு, மார்பில் கனமும் வலியும், தலைவலி, கருமுட்டைப்பையில் தோன்றித் தானாக மறையும் நீர்க்கட்டி ஆகியவற்றைப் பலர் சொல்கிறார்கள். மனச்சோர்வைப் பற்றிய ஆய்வு முடிவுகள் ஒன்றுக்கொன்று மாறுபடுகின்றன. எனினும், என் தோழி ஒருவர் ‘நான் நானாக இல்லை’ என்று சொல்லிச் சாதனத்தை எடுத்தார். எடுத்த சில வாரங்களில் தேறினார். அவருடைய அனுபவத்தைச் சந்தேகிக்க எனக்கு உரிமையில்லை. முன்பே மனச்சோர்வுக்குச் சிகிச்சை பெற்றவர்கள் இதை மருத்துவரிடம் சொல்லிவிட்டு வைத்துக்கொள்வது நல்லது. மார்பகப் புற்றுநோய் உள்ளவர்களும் வந்து குணமானவர்களும் இதைத் தவிர்க்க வேண்டும். 2024-இல் டென்மார்க்கிலிருந்து வெளியான பெரிய ஆய்வொன்று, இச்சாதனத்தை வைத்திருந்த பெண்களில் பத்தாயிரம் பேருக்கு ஏறத்தாழ 14 பேர் என்ற அளவில் மார்பகப் புற்றுநோய் கூடுதலாகக் காணப்பட்டதாகச் சொன்னது. சிறிய எண்தான், ஆயினும் தாய்க்கோ உடன்பிறந்தவளுக்கோ அந்த நோய் வந்திருந்தால் அந்த எண்ணை எதிரே வைத்துக்கொண்டு மருத்துவரிடம் பேச வேண்டும். மறுபுறம், இரத்த அழுத்தம், ஒற்றைத் தலைவலி போன்றவற்றால் ஈஸ்ட்ரஜன் கலந்த மாத்திரை மறுக்கப்படும் பலருக்கு இச்சாதனம் தடையில்லை. காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சாப்பிடுபவர்களுக்கு மாத்திரையின் பலன் குறைந்துவிடும். சாதனத்தின் பலன் குறைவதில்லை.

அறுவைக்கு வருவோம். இனிப் பிள்ளை வேண்டாம் என்று உறுதியாக இருப்பவருக்கு அது நல்ல முறை. மாதவிலக்கை அது மாற்றுவதில்லை. அரசு மருத்துவமனையில் செலவும் இல்லை. என்னுடைய தயக்கம் வயதைப் பற்றியது. இருபத்தைந்து வயதில் எடுக்கும் நிரந்தர முடிவு, ஒரு பிள்ளையை இழக்க நேர்ந்தாலோ மறுமணம் நடந்தாலோ, திரும்பப் பெற முடியாததாகக் கனக்கிறது. குழாயை மீண்டும் இணைக்கும் அறுவை உண்டு, வெற்றி உறுதியில்லை. சாதனத்தை வைத்துக்கொண்டால் முப்பது முப்பத்தைந்து வயதில் அந்த முடிவைத் தெளிவாக எடுக்கலாம். இருவரும் உறுதியாக இருக்கும் வீட்டில், கணவருக்குச் செய்யப்படும் தழும்பில்லாக் கருத்தடை அறுவையான வாசக்டமியே எல்லாவற்றிலும் எளிது. வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை, மயக்க மருந்தும் தேவையில்லை. அதைச் செய்துகொண்டால் உழைக்கும் பலம் போய்விடும் என்ற அச்சத்துக்கு எந்த ஆதாரமும் கிடையாது. நம் ஆண்கள் இதில் ஒரு அடிகூட எடுத்துவைக்காதது எனக்கு மனவருத்தம்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா ஊசியும், ஹார்மோன் இல்லாத சாயா மாத்திரையும் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஊசியிலும் மாதவிலக்கு ஒழுங்கு மாறும், பலருக்கு நின்றும் போகும். நிறுத்திய பின் கருத்தரிக்கப் பல மாதங்கள் ஆகலாம். ஊசி ஒத்துக்கொள்ளாவிட்டால் மூன்று மாதம் காத்திருக்கத்தான் வேண்டும். சாதனத்தை அன்றே எடுத்துவிடலாம்.

நாற்பதை நெருங்கும் பெண்களைப் பற்றித்தான் எனக்கு அதிக அக்கறை. ஆபரேஷன் செய்துகொண்டு பல ஆண்டுகள் ஆன பிறகு, அதிக இரத்தப்போக்கு தொடங்கி, மாதம் பத்து நாள் படுத்து, ஹீமோகுளோபின் எட்டுக்குக் கீழே இறங்கி, கடைசியில் ‘பிள்ளை பெற்று முடிந்ததே, கர்ப்பப்பையை எடுத்துவிடலாம்’ என்ற ஆலோசனையோடு வருகிறார்கள். அவர்களுக்குக் கருத்தடை தேவையில்லை என்பதால் இந்தச் சாதனத்தைப் பற்றி யாரும் அவர்களிடம் சொல்வதில்லை. ஆனால் அதிக இரத்தப்போக்குக்கு இது ஏற்கப்பட்ட சிகிச்சை. பிரிட்டனில் 571 பெண்களிடம் நடந்து 2013-இல் வெளியான ஆய்வில், இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு அன்றாட வாழ்க்கை மேம்படுவதில் வழக்கமான மருந்துகளைவிட ஹார்மோன் சாதனமே கூடுதல் பலன் தந்தது. பின்லாந்தில் கருப்பை அகற்றும் அறுவையோடு நேரடியாக ஒப்பிட்ட ஆய்வில், சாதனம் வைத்துக்கொண்டவர்களில் 42 விழுக்காட்டினர் ஐந்து ஆண்டுகளுக்குள் எப்படியும் கருப்பையை எடுத்துக்கொண்டார்கள். எஞ்சிய 58 விழுக்காட்டினருக்கு அந்த ஐந்து ஆண்டுகளில் அறுவை தேவைப்படவில்லை. எல்லோருக்கும் பலிக்கும் என்பது இதன் பொருள் அன்று. பாதிக்கும் மேற்பட்டோருக்குப் பெரிய அறுவையைத் தவிர்க்கும் ஒன்று முதலில் முயன்று பார்க்கத் தகுந்தது என்பதே. தேவையற்ற கருப்பை அகற்றல்களைத் தடுக்கும் வழிகாட்டுதல்களை மாநிலங்கள் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றமே 2023-இல் உத்தரவிட்டிருக்கிறது. ஆனால் ஒரு எச்சரிக்கை: அதிகப் போக்குக்கான காரணத்தை ஸ்கேன் செய்தும், தேவையானால் உட்சவ்வைச் சோதித்தும் அறியாமல் சாதனத்தை வைக்கக் கூடாது. கருப்பையின் உள்வடிவத்தை மாற்றும் அளவுக்கு நார்க்கட்டி இருந்தால் சாதனம் உள்ளே நிற்காது.

கணவர் வெளிநாட்டில் இருக்கும் வீடுகள் நம் மாவட்டத்தில் ஏராளம். விளவங்கோட்டிலிருந்து வளைகுடாவுக்குப் போனவர்களின் மனைவியரும், தூத்தூர், வள்ளவிளைப் பக்கத்தில் ஆழ்கடலுக்குப் போய் வாரக்கணக்கில் தங்குபவர்களின் மனைவியரும், ஆண்டில் சில வாரங்களுக்காக மட்டும் கருத்தடை தேவைப்படுபவர்கள். மாதவிலக்கில் சிக்கல் இல்லாதவர் என்றால், அந்தச் சில வாரங்களுக்கு ஆணுறையே போதுமா என்று முதலில் இருவரும் பேசலாம். நீண்டகால முறைதான் வேண்டும் என்றால், டிக்கெட் எடுத்த செய்தி வந்த பிறகு ஹார்மோன் சாதனத்துக்காக ஓடக் கூடாது. விடுப்பு முழுவதும் துளித்துளியாகப் பட்டுக்கொண்டிருக்கும். மாதவிலக்கின் முதல் ஏழு நாட்களுக்குள் வைக்காவிட்டால் ஒரு வாரத்துக்கு வேறு பாதுகாப்பும் வேண்டும். ஆறு மாதமாவது முன்னதாக வைத்திருந்தால் இந்தத் தொல்லை இராது. காப்பர்-டி வைத்த உடனே வேலை செய்யும் என்பதால் அவசரத்துக்கு அதுவே பொருந்தும். கணவர் ஊரில் இல்லாதபோது இவள் எதற்காக வைத்துக்கொள்கிறாள் என்று பேசும் வாய்களுக்கு அஞ்சியே பல பெண்கள் கடைசி நேரத்துக்குத் தள்ளிப்போடுகிறார்கள். அந்தப் பேச்சைக் கேட்டுத் தன் உடம்பின் கணக்கைத் தவறவிட்டவர்கள் பட்ட பாட்டை நான் கண்டிருக்கிறேன். கத்தோலிக்கக் குடும்பங்களில் 1968-இன் திருத்தந்தை சுற்றுமடல் செயற்கைக் கருத்தடையை ஏற்கவில்லை என்பதும் நினைவில் இருக்கும். இரத்தப்போக்கு நோய்க்கான சிகிச்சையாக இதே சாதனத்தை வைப்பதை அந்த மடல் விலக்கவில்லை. நோய்க்கான மருத்துவத்தால் கருத்தடை உடன்விளைவாக நேர்வதை அது அனுமதிக்கிறது. ஐயம் உள்ளவர்கள் பங்குத்தந்தையிடம் இதைத் தெளிவாகக் கேட்டுக்கொள்ளலாம்.

செலவில் வேறுபாடு பெரிது. காப்பர்-டியை ஆரம்ப சுகாதார நிலையம் முதல் ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வரை காசில்லாமல் வைக்கிறார்கள். பத்து ஆண்டுக்கு உரியது, ஐந்து ஆண்டுக்கு உரியது என இருவகை உண்டு. எது வைக்கப்பட்டது என்று கேட்டு எழுதிவைத்துக்கொள்ள வேண்டும். ஹார்மோன் சாதனத்துக்குத் தனியார் மருத்துவமனைகளில் சில ஆயிரம் ரூபாய் ஆகிறது. 52 மில்லிகிராம் சாதனம் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருப்பதால் அதன் விலைக்கு உச்சவரம்பு உண்டு; பொருளின் விலையையும் வைக்கும் கட்டணத்தையும் தனித்தனியே கேட்டால் ஏமாற மாட்டோம். களியக்காவிளையைத் தாண்டினால் ஒன்றிரண்டு மணி நேரத்தில் எட்டிவிடக்கூடிய திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட எச்.எல்.எல். லைஃப்கேர் என்ற பொதுத்துறை நிறுவனமே எமிலி என்ற பெயரில் இதைத் தயாரிக்கிறது. இத்தனை அருகிலுள்ள நிறுவனத்தின் பொருள் அரசின் இலவச வரிசையில் காப்பர்-டிக்குப் பக்கத்தில் வைக்கப்பட வேண்டும் என்பது என் கோரிக்கை. இரத்தசோகையால் துவளும் தோட்டத் தொழிலாளிக்கும் மீன் சுமந்து விற்கும் பெண்ணுக்கும்தான் இதன் தேவை அதிகம். வாங்கும் வசதி அவர்களுக்குத்தான் இல்லை.

கடைசியாக, எடுப்பது. நூலைப் பிடித்து இழுத்தால் ஒரு நிமிடத்தில் வந்துவிடும். வைத்ததைவிட வலி குறைவு. எடுத்தபின் கருவுறும் திறன் உடனே திரும்பிவிடும். ஹார்மோன் சாதனம் பொதுவாக ஐந்து ஆண்டுகளுக்கு என்று குறிக்கப்படுகிறது. எட்டு ஆண்டுகள் வரை கருத்தடைக்குப் பலன் தருவதை ஏற்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2022-இல் அனுமதி நீட்டித்தது. மூன்றாம் மாதத்தில் ஒத்துக்கொள்ளவில்லை என்று போகும் பெண்ணிடம் ‘காசு போட்டு வைத்தது, இன்னும் ஆறு மாதம் பாருங்கள்’ என்று சொல்லித் திருப்பி அனுப்புவதை அடிக்கடி கேள்விப்படுகிறேன். காத்திருந்தால் சரியாகிவிடும் என்று விளக்குவது மருத்துவரின் கடமை. காத்திருப்பதா வேண்டாமா என்பது அந்தப் பெண்ணின் முடிவு. வைத்துக்கொள்வதற்கு முன்பே, ‘நான் கேட்கும் அன்று எடுத்துத் தருவீர்களா?’ என்று கேட்டுவிட வேண்டும். தயங்குகிற இடத்தில் வைத்துக்கொள்ளக் கூடாது.